மலைக்காற்றும் பிளக் கேப்பும்

கொலன்னாவையிலிருந்து ரயில் தாங்கிகளில் மலையேறி வரும் பெற்றோல் கொட்டகலைக் களஞ்சியத்தில் இறங்கி, பவுசர்களில் ஊர் ஊராகப் பிரிந்து போகிறது. எந்த வாகனத்துக்குப் போனாலும் அது பற்றி எரிவதற்கு பிளக்கின் நுனியில் ஒரு பொறி வேண்டும். அந்த நுனியில் இருக்கும் சந்து, அதாவது கேப், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். அதில் பொறி பாயத் தவறினால் வண்டி ஏத்தத்தில் இழுக்காது. மலைநாட்டுக்கென்று வேறு பிளக் போட வேண்டுமா, கேப்பைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

கேப்பிலிருந்தே தொடங்குவோம். பழைய மொரிஸ் மைனருக்கு 25 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு), அதாவது ஏறத்தாழ 0.64 மில்லிமீற்றர். இன்றைய கார்கள் பலவற்றுக்கு 0.8 முதல் 1.1 மில்லிமீற்றர் வரை. வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர் என்று நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். இத்தனை சிறிய சந்தையும் பற்றரியின் 12 வோல்ட்டால் தாண்ட முடியாது. காற்று மின்சாரத்தைக் கடத்தாத பொருள். கொயில் அந்த 12 வோல்ட்டைப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று உயர்த்துகிறது. சந்தில் தனியாகத் திரியும் சில எலெக்ட்ரான்கள் அந்த விசையில் வேகம் பிடித்து, காற்றின் மூலக்கூறுகளில் மோதி, மேலும் எலெக்ட்ரான்களைக் கழற்றுகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்துக்கு வழி திறந்துவிடுகிறது. அந்தப் பொறியின் உச்ச வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு பிளக்கிலும் இது செக்கனுக்கு 25 தடவை நடந்தாக வேண்டும்.

கேப் குறைந்தால் பொறி சுலபமாகப் பாயும். ஆனால் அதில் பிறக்கும் தீ மிகச் சிறியது. வளர்வதற்குள் இரு பக்கத்து உலோகமும் அதன் சூட்டை உறிஞ்சிவிடும். கேப் கூடினால் தீ வலுவாகப் பிறக்கும், ஆனால் கொயிலின் சக்தி போதாமல் போகலாம். பொயின்ட் வைத்த பழைய மொரிஸ் மைனருக்குச் சிறிய கேப்பும், எலெக்ட்ரோனிக் இக்னிஷன் உள்ள காருக்குப் பெரிய கேப்பும் கொடுத்திருப்பது இதனால்தான்.

இனி மலைக்கு வருவோம். ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிஷ் பாஷென் 1889இல் ஒரு விதியைக் கண்டறிந்தார். பொறி பாயத் தேவையான வோல்ட், சந்தின் நீளத்தை மட்டும் பொறுத்ததல்ல. நீளத்தையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் விடையைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் பொறி பாய்வது கடினமாகும்.

கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட நூற்றுக்குப் பதினான்கு அளவில் குறைவு. சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஆகவே ஒரே பிளக், ஒரே கேப் என்றால், கொழும்பைவிடக் கொட்டகலையில்தான் பொறி சுலபமாகப் பாயும். மலை என்பதற்காகக் கேப்பை மாற்றத் தேவையே இல்லை.

அப்படியானால் ஏத்தத்தில் மட்டும் எஞ்சின் மிஸ் அடிப்பது ஏன்? எக்சலரேட்டரை மிதித்தால் காற்றுக் கதவு முழுதாகத் திறக்கிறது. சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து, பொறி பாய வேண்டிய நேரத்தில் அழுத்தம் பல மடங்காகிறது. ஸ்லோவில் நிற்கும்போது தேய்ந்த பிளக்கும் சமாளித்துவிடும். முழு மிதியில் அதன் குறை வெளியே வரும். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பொறி பார்க்கும் வழக்கம் பாதி உண்மையை மட்டுமே சொல்வதும் இதனால்தான். வெளியே, அதுவும் மலையின் மெல்லிய காற்றில், நீலமாகப் பாயும் பொறி உள்ளே பாயும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அங்கே பெற்றோல் ஆவியும் இருக்கும் என்பதால் அந்தச் சோதனை ஆபத்தானதுங்கூட.

கேப்பைவிட மலைக்கு முக்கியமானது பிளக்கின் சூடு. எரியும் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு 450 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 பாகையைத் தாண்டினால் தணல்போல் கனன்று, பொறி வருமுன்பே பெற்றோலைப் பற்றவைக்கும். பிஸ்டன் உருகும் வரை போகலாம். மூக்கு நீளமானது சூட்டைப் பிடித்துவைக்கும் 'சூடான' பிளக். மூக்கு குட்டையானது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் 'குளிர்ந்த' பிளக்.

விடியற்காலைக் குளிரில் சோக்கை இழுத்துவிட்டு, லயத்துக்கும் டவுனுக்கும் இடையே சிறு ஹயர் மட்டும் ஓடும் வண்டியில் பிளக் சூடேற நேரமில்லை, கரி படியும். கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது. காற்று நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறையும்போது கார்புரேட்டர் பெற்றோலை ஏறக்குறைய ஏழு பங்குதான் குறைக்கும். கலவையில் பெற்றோல் மிஞ்சி, பிளக் உலர்ந்த கறுப்பாகும். இதைப் பார்த்துவிட்டுச் சூடான பிளக் போட்டால், அதே வண்டி பாரத்தோடு நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது வினை வரும். திருத்த வேண்டியது கார்புரேட்டரை. புதிய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் காற்றை அளந்து பெற்றோலைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியுமுன் மூக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் நலம். ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய் மேலேறுகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவு மீறிய சூடு.

புதியதை வாங்கும்போது இலக்கத்தைக் கவனிக்க வேண்டும். என்ஜிகேயின் 'பிபிஆர்6இஎஸ்-11' என்பதில் முதல் பி 14 மில்லிமீற்றர் மரை, ஆர் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ரெசிஸ்டர், இ 19 மில்லிமீற்றர் மரை நீளம், 11 என்பது 1.1 மில்லிமீற்றர் கேப். நடுவில் உள்ள 6தான் சூட்டு இலக்கம். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் இலக்கம் கூடக் கூடக் குளிர்ந்த பிளக். பொஷ், சாம்பியன் இரண்டிலும் அப்படியே தலைகீழ். கம்பனி மாற்றும்போது இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். மரை நீளம் மாறினால் பிஸ்டனே பிளக்கில் இடிக்கலாம்.

கேப் வைக்கும்போது வளைக்க வேண்டியது பக்கத்துக் கொக்கியை மட்டும். நடு முனையை நெம்பக்கூடாது. இரிடியம் பிளக்கின் நடு முனை 0.4 முதல் 0.6 மில்லிமீற்றர் தடிப்புத்தான். லேசாக நெம்பினாலும் ஒடிந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு கையாலேயே மரையில் ஏற்றி, புது வாஷர் என்றால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் இறுக்கினால் போதும்.

வண்டியோடு வந்த கைந்நூல் சொல்லும் பிளக்கும் கேப்பும் கொழும்புக்கும் சரி, கொட்டகலைக்கும் சரி. அடுத்த முறை ஏத்தத்தில் வண்டி திணறினால், புது பிளக்குக்குக் காசு கொடுக்குமுன் பழையதைக் கராஜ் பாஸிடம் கேட்டு வாங்கி அதன் மூக்கைப் பாருங்கள்.