விளைச்சலை முன்கூட்டியே கணிக்கும் அணில்கள்

உணவு எப்போது பெருகும், எப்போது குறையும் என்பது நிச்சயமற்ற சூழலில் ஓர் உயிரினம் எத்தனை குட்டிகளை ஈனுவது? கனடாவின் வடமேற்கே யூகான் பிரதேசத்தில் 1987 முதல் கண்காணிக்கப்பட்டுவரும் சிவப்பு அணில்கள் இக்கேள்விக்கு விடை தருகின்றன.

இவ்வணில்களின் முக்கிய உணவு வெள்ளை ஸ்ப்ரூஸ் மரக் கூம்புகளின் விதைகள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே அம்மரங்கள் ஏராளமாகக் காய்க்கின்றன. மற்ற ஆண்டுகளில் பற்றாக்குறைதான். குறுகிய ஆயுள் கொண்ட அணில்களில் பல, தம் வாழ்நாளில் ஒரேயொரு பெருவிளைச்சலையே காண்கின்றன.

மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் வளாகம் அமைந்துள்ளது. அதன் ஆய்வாளர் மரே ஹம்ஃப்ரீஸ் உள்ளிட்ட குழுவினர் 2006இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வியப்பூட்டும் தகவலை வெளியிட்டனர். பெருவிளைச்சல் ஆண்டுகளில், கூம்புகள் முற்றுவதற்கு முன்னரே பெண் அணில்கள் இனப்பெருக்கத்தை அதிகரித்துவிடுகின்றன. யூகான் அணில்கள் இரண்டாவது முறையும் ஈனுகின்றன. குட்டிகள் தனித்து வாழத் தொடங்கும்போது உணவு தயாராக இருக்கிறது.

அயல் அணில்களின் குரல்களும் தாய்க்குச் செய்தியாகின்றன. ஒலிப்பதிவு செய்த குரல்களை ஒலிக்கச்செய்து, அணில் நெரிசல் மிகுந்துள்ளதான தோற்றத்தை ஆய்வாளர்கள் ஏற்படுத்தினர். நெரிசலை உணரும் தாயின் உடலில் அழுத்த ஹார்மோன் கூடுகிறது, குட்டிகள் வேகமாக வளர்கின்றன என்பது 2013இல் வெளியான முடிவு.

கணிப்பு தவறினால் என்னாகும்? பஞ்ச ஆண்டில் அதிகக் குட்டிகளை ஈனும் தாய்க்கு அப்போதைக்கு இழப்பே. ஆனால் அத்தகைய தாய்மாரே பெருவிளைச்சலைத் தவறவிடாமல், வாழ்நாள் கணக்கில் கூடுதல் சந்ததியை விட்டுச்செல்கின்றனர் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

அவ்வப்போது பிழைபடுவதைவிட, அரிய வாய்ப்பை இழப்பதே பெரிய நட்டம். எனவேதான் துணிந்து ஈனும் இயல்பைப் பரிணாமம் விட்டுவைத்துள்ளது.