கொள்ளு காட்டும் ரத்த வகை

பச்சைக் கொள்ளை அரைத்து, உப்புநீரில் கலக்கி வடிகட்டிய நீரை ஏ வகை ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டால் சிவப்பணுக்கள் திட்டுத்திட்டாகத் திரளும். பி, ஓ வகைகளில் ஒன்றும் ஆகாது. பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 1951இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் இதை எழுதினார். கொள்ளில் உள்ள லெக்டின் என்ற புரதம், ஏ வகைச் சிவப்பணுவின் மேலுள்ள அடையாளமான ஏ ஆன்டிஜெனின் நுனியில் இருக்கும் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. ஏ1, ஏ2 என்று உட்பிரிவு பார்க்க ரத்த வங்கிகள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.

'ரத்த வகை' என்ற பெயர் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. அந்தச் சர்க்கரை சிவப்பணுவில் மட்டுமா இருக்கிறது? ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருளைக் கொண்டு மனிதத் திசுக்களைச் சோதித்த ஏரன் சுல்மன், ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் பல உறுப்புகளின் மேல்படலத்திலும் ஏ, பி ஆன்டிஜென்கள் இருப்பதை 1960இல் விரிவாகக் காட்டினார். சிறுநீரகத்தை மாற்றி வைக்கும்போது ரத்த வகை பார்ப்பது இதனால்தான். உறுப்பிலுள்ள ரத்தத்தை முழுக்கக் கழுவி எடுத்தாலும் குழாய்ச் சுவரில் வகை எழுதியிருக்கும்.

அதைக் கண்ணால் காண, மெழுகில் பதித்த திசுவை நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவி ஸ்லைடில் ஒட்டுகிறார்கள். மெழுகைக் கரைத்துவிட்டு, பெராக்ஸிடேஸ் என்ற நொதியைப் பூட்டிய லெக்டினை ஊற்றிக் கழுவுகிறார்கள். பிறகு டிஏபி என்ற சாயப்பொருளை விட்டால், லெக்டின் ஒட்டிய இடம் பழுப்பாகிறது. இங்கே ஒரு பொறி உண்டு. சிவப்பணுவின் ஹீமோகுளோபினும் அந்த நொதியைப் போலவே நடந்துகொள்ளும். ஹைட்ரஜன் பெராக்ஸைடால் முன்பே அதை அடக்காவிட்டால் எந்த வகை ரத்தமும் பழுப்பாகிப் பொய் சொல்லும். இன்னொரு ஸ்லைடில், அதே சர்க்கரையை முன்கூட்டிக் கலந்த லெக்டினையும் ஊற்றிப் பார்க்க வேண்டும். பிடிக்க வேண்டிய கை ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் அங்கே நிறம் வரக் கூடாது. வந்தால் முதல் ஸ்லைடையும் நம்பக் கூடாது. இந்தச் சந்தேகப் புத்திதான் இந்தக் கலையின் உயிர் என்பேன்.

ஏ வகைக்காரர் ஒருவரின் சிறுநீர்ப்பைத் திசுவைப் பாருங்கள். நலமான படலம் பழுப்புக் கோடாக ஓடுகிறது. புற்று தொடங்கும் இடத்தில் அந்தக் கோடு வெளிறிப் போகிறது. சில புற்றணுக்கள் அந்தச் சர்க்கரையைக் கோர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. வெளிறிய அந்தப் பரப்பின் நடுவே ஒரு மெல்லிய ரத்தக் குழாய் மட்டும் பழுப்பு வளையமாக நிற்கிறது.