காற்று குறைந்த கோட்டை அடுப்பு

கல்யாண வீட்டுப் பின்கட்டில் கோட்டை அடுப்பு எரிகிறது. முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது, அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று அடைபட்டு விறகு புகையத் தொடங்குகிறது. மலை உயரத்தில் மூச்சிரைக்க சைக்கிள் மிதிப்பவரின் தொடைத் தசைக்குள்ளும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

தசைச் செல் சமையற்கட்டு என்றால், டிஎன்ஏ அங்குள்ள சமையல் நோட்டு. ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் அதே நோட்டுதான்; திறந்து கிடக்கும் பக்கங்கள் மட்டும் வேறு. மெத்தில் என்னும் சிறு வேதிக் குழு, பக்கங்களை ஒட்டிவைக்கும் பசை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் இத்தகைய குறிகள் உண்டு. எழுத்து ஒன்றும் மாறாமல் வாசிப்பை மட்டும் மாற்றும் இவையே எபிஜெனடிக் குறிகள்.

பந்தி நெருக்கடியில், அதாவது தசை கடுமையாக உழைக்கும்போது, பசை இளகும். உடற்பயிற்சிப் பழக்கமில்லாதவர்களை ஒரே ஒரு முறை சைக்கிள் மிதிக்கச் சொல்லி, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலைய ஆய்வாளர்கள் 2012-இல் இதைக் காட்டினார்கள். ஆற்றல் உற்பத்தியோடு தொடர்புள்ள பிஜிசி-1ஆல்ஃபா, பிடிகே4 போன்ற மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறைந்திருந்தது. மிதமாக மிதித்தபோது அவ்வளவு இல்லை. கடுமையாக மிதித்தபோதுதான் நன்றாக இளகியது.

இனி காற்று. ஹிஃப் என்றொரு புரதம் செல்லுக்குள் ஓயாமல் உருவாகிறது. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்வரை காவல் நொதிகள் அதைக் குறிவைத்துச் சில நிமிடங்களில் அழித்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் காவல் தளர்கிறது. தப்பிய ஹிஃப் நேராக நோட்டிடம் போய்ப் புது ரத்தக்குழாய், கூடுதல் சிவப்பணு, காற்றில்லாமல் சர்க்கரையை எரிக்கும் வழி ஆகிய பக்கங்களைப் புரட்டுகிறது. இதைத் துலக்கிய கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

என்னை அதிகம் வியக்கவைப்பது இன்னொன்று. ஒட்டிய பசையைச் சுரண்டி எடுக்கும் நொதிகள் பலவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும்! அடுப்புக்கு மட்டும்தான் காற்று என்று நினைத்திருந்தோம். நோட்டைத் துடைக்கும் கைக்கும் அதுவே வேண்டியிருக்கிறது. காற்று குறைந்தால் ஹிஸ்டோனில் உள்ள சில குறிகள் அழிக்கப்படாமல் தேங்குகின்றன. அவற்றில் சில, பக்கத்தைத் திறந்தே வைப்பவை. சில, மூடியே வைப்பவை. காற்றில்லாமல் சர்க்கரை எரியும்போது உண்டாகும் லாக்டேட்டும் வெறும் கழிவு இல்லை: அதிலிருந்து வரும் ஒரு துணுக்கு ஹிஸ்டோனில் குறியாக ஒட்டுவதை 2019-இல் சிகாகோ ஆய்வாளர்கள் செல்களில் கண்டார்கள்.

ஆகவே, மலையில் ஓடினால் பலன் அப்படியே இரட்டிக்கும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கடுமையான பயிற்சி பசையை இளக்கப் பார்க்கிறது. காற்றுக்குறைவோ சுரண்டும் கையைக் கட்டிப்போடுகிறது. அதோடு, மெல்லிய காற்றில் சமவெளியின் வேகத்தில் யாராலும் நெடுநேரம் ஓட முடியாது. வேகம் குறைந்தால் பசை இளகுவதும் குறையும்.

அமெரிக்காவில் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் காற்றுக்குறைவையும் கடும் பயிற்சியையும் பிரித்தே வைத்தார்கள். ஒரு குழு ஓட்டக்காரர்கள் தங்கியது 2,500 மீட்டர் உயரத்தில், பயிற்சி செய்தது 1,250 மீட்டரில். மேலே இருந்த நேரத்தில் உடல் சிவப்பணுவைப் பெருக்கியது. கீழே கால்கள் முழு வேகத்தில் ஓடின. நான்கு வாரம் கழித்து அவர்களின் 5,000 மீட்டர் ஓட்ட நேரம் குறைந்திருந்தது. மேலேயே தங்கி மேலேயே பயிற்சி செய்தவர்களுக்கும் சிவப்பணு கூடியது. ஓட்ட நேரம் குறையவில்லை.