அப்பாயியின் நீலத் துண்டு

போன லீவுல ஊருக்குப் போனப்ப நடந்தது இது.

எங்க ஊரு தன்லியின். யாங்கோன்ல இருந்து பாலம் தாண்டினா வந்துடும். அப்பாயிக்கு மட்டும் இன்னைக்கும் அது சிரியம்தான். ஊருல ஒரு பழைய கோயில் இருக்கு. பேருதான் போர்த்துகீசியக் கோயில். 1750 வாக்கில் கட்டினது இத்தாலியப் பாதிரிமார். 1756-ல் அலாங்பயா ஊரைப் பிடிச்சதோட அதன் கதை முடிஞ்சது. இப்ப கூரை இல்லாத செங்கல் சுவர்தான் மிச்சம். அந்த வெறும் ஜன்னல்கள்ல ஏறிக் குதிச்சு விளையாடினவன், இப்ப யார்க்கில் கோயில் ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியைப் பழுதுபார்க்கப் படிக்கிறேன். "கண்ணாடி மாட்டுற வேலைக்கா கடல் தாண்டிப் போனே?"ன்னு அப்பா இன்னும் கேக்குறார்.

யார்க் மின்ஸ்டரின் பெரிய கிழக்கு ஜன்னலை 1405-லிருந்து 1408-க்குள் செஞ்சு முடிச்சவர் ஜான் தார்ன்டன். மொத்தக் கூலி 56 பவுண்டு. 2008-ல் ஆரம்பிச்ச பழுதுபார்ப்பு 2018 வரை இழுத்துச்சு. செஞ்சதை விட சரிபண்ண மூணு மடங்கு நாள்! உடைஞ்ச இடத்துல முன்காலத்து ஆளுங்க ஈயப்பட்டை வச்சு ஒட்டியிருப்பாங்க. ஒரு முகத்துக்குக் குறுக்கே கறுப்புக் கோடு ஓடும். இப்ப அதை எடுத்துட்டு ரெசின் வச்சு விளிம்போட விளிம்பு சேர்க்குறாங்க. வெளியே இன்னொரு கண்ணாடி மாட்டி, நடுவுல காத்துக்கு வழி விடுறாங்க. பழைய கண்ணாடிக்கு ஈரம்தான் எமன்.

ரெண்டாம் உலகப்போர்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டிப் பத்திரமா வச்சதாலதான் இன்னைக்கு எங்களுக்கு வேலை. ரங்கூன் செயின்ட் மேரி கதீட்ரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1944 டிசம்பர் குண்டுவீச்சுல அதன் ஜன்னல் கண்ணாடிகள் போயிடுச்சு.

இதை அப்பாயிகிட்ட சொன்னேன். எந்திரிச்சுப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்துச்சு. உள்ளே உள்ளங்கையில பாதி அளவுக்கு நீலக் கண்ணாடி. எட்டு வயசுல அந்தக் கோயில் வாசல்ல பொறுக்கினதாம். இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது!

வெளிச்சத்துல பிடிச்சேன். துணி மடிப்பு மாதிரி ரெண்டு கறுப்புக் கோடு, அதுவும் பாதி அழிஞ்சு. "அப்பாயி, இதை என்ன பண்ணே?"

"கிறிஸ்துமசுக்கு முன்னாடி சோப்பு போட்டு, தேங்காநார்ல தேய்ச்சுக் கழுவுவேன்."

எனக்கு மயக்கமே வந்துடுச்சு. ஆக்ஸைடும் கண்ணாடித் தூளும் கலந்து வரைஞ்சு சூளையில சுட்ட கோடு லேசுல போகாது. ஆனா 19-ஆம் நூற்றாண்டுல சில பட்டறைகள் சீக்கிரம் உருகட்டும்னு வெண்காரம் சேர்த்தாங்க. அப்படிப்பட்ட கோடு ஈரம் பட்டா உதிரும். இதுவும் அந்த ரகமாங்கிறதை லேபுல பார்த்தாத்தான் சொல்ல முடியும்.

எடுத்துட்டுப் போறேன்னு கேட்டேன்.

"கோயில் சாமான்டா. சீமைக்கெல்லாம் போகாது. நான் போனப்புறம் கோயில்லயே கொண்டுபோய்க் குடு."

சண்டை போட்டுப் பார்த்தேன் (ரெண்டு நாள் பேச்சே இல்லை). அப்புறம் அளந்து, படம் எடுத்து, கோட்டை வரைஞ்சுக்கிட்டு, காகிதத்துல சுத்தி டப்பாவிலேயே வச்சுட்டேன். தண்ணியே காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.

கிறிஸ்துமசுக்கு போன் பண்ணேன். "கழுவினியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சோப்பு போடலை ராசா."