வாங்குவோர் பொறுப்பு

மாலையில் ஒரு கோப்பைத் தேநீர் உள்ளே போகாவிட்டால் விடுதி மாணவர் பலருக்குப் படிப்பு ஓடுவதில்லை. நேற்றுப் பருகிய சுவையே இன்றும் இருக்கிறது, நாளையும் இருக்கும். இதில் என்ன வியப்பு என்று கேட்கத் தோன்றும். வியப்பு உண்டு, நண்பர்களே! செடியில் துளிர்க்கும் கொழுந்து என்றும் ஒரே தன்மையாய் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஒரு சுவை. வெயிற்காலத்தில் வேறொரு சுவை. மாறிக்கொண்டே இருக்கும் பொருளிலிருந்து மாறாத சுவையைத் தருபவர் யார்? அவர் பெயர் பொட்டலத்தின்மேல் அச்சிடப்படுவதில்லை. பெரிய நிறுவனங்களில் அவரைக் கொள்முதல் தலைவர் என்பர். அவர் பணி யாது, பொறுப்பு எத்தகையது என்பதை மூணாறு மலையைக் கொண்டு காண்போம்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால் இடுக்கி மாவட்டத்து மூணாறு வரும். அங்கே கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் தமிழர். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே வாழ்பவர். ஒரு காலத்தில் அங்கு விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கித் தமிழகத்துப் பக்கம் இறங்கியது. டாப் ஸ்டேஷன்வரை அதைக் கொண்டுவந்த சிறு ரயில்பாதையை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்துவிட்டது.

அத்தோட்டங்களை நடத்திய ஃபின்லே நிறுவனத்தோடு 1964-இல் டாட்டா கூட்டுச் சேர்ந்தது. 1983-இல் அது டாட்டா தேயிலை நிறுவனமாயிற்று. 2005-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. மூணாறுத் தோட்டங்கள் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தின் கைக்கு மாறின. பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்களுக்கே கொடுக்கப்பட்டது. டாட்டா தன்னிடம் ஒரு பகுதியை மட்டுமே வைத்துக்கொண்டது. அதுவரை விளைவித்தவராக இருந்தவர் அன்றுமுதல் முதன்மையாக வாங்குபவரானார். விளைவிப்பவருக்கு நிலமே கவலை. வாங்குபவருக்கோ நாடு முழுதும் கவலை!

அக்கவலையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, பொருள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். பனிக்காலத்தில் அஸ்ஸாமில் கொழுந்து எடுப்பு நின்றுவிடும். தெற்கே ஆண்டு முழுதும் எடுக்கலாம். ஆயினும் மூணாற்றில் தை மாதத்து உறைபனி கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. ஆகவே எந்த மாதத்தில் எந்த மலையிலிருந்து எவ்வளவு வாங்குவது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

இரண்டாவது, சுவை. கல்கத்தாவில் 1861-லும், கொச்சியில் 1947-லும், குன்னூரில் 1963-லும், கௌகாத்தியில் 1970-லும், கோவையில் 1980-லும் தேயிலை ஏலம் தொடங்கியது. விற்பனைக்கு முன்பே தரகர்கள் மாதிரிகளை அனுப்புவர். சுவைஞர் ஒவ்வொன்றையும் வடித்து, கரண்டியால் உறிஞ்சி, நாவில் உருட்டி, துப்பிவிட்டு மதிப்பிடுவார். பல தோட்டத்துத் தூளை அளவறிந்து கலப்பதனால்தான் நம் கோப்பையில் சுவை மாறாதிருக்கிறது.

மூன்றாவது, விலை. ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே வாங்கினால் ஒரே நிறுவனத்தார் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையை ஏற்றிவிடுவர். எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து வாங்கும்போது பேரம் வலுப்பெறும். ஐந்து கோடிக் கிலோ வாங்கும் நிறுவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து வாங்கினால் ஐந்து கோடி ரூபாய் மிச்சம்! இதனாலேயே அப்பதவிக்கு இவ்வளவு மதிப்பு.

ஆனால் அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பெண் நாளொன்றுக்கு 20 கிலோ கொழுந்து எடுத்தால் அது சுமார் நாலரைக் கிலோ தூளாகும். தூளின் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் சரிந்தால் அவளுடைய ஒரு நாள் உழைப்பின் பயனில் தோட்டத்துக்கு 45 ரூபாய் குறைகிறது. 2015-இல் அவளது நாட்கூலி 232 ரூபாய் என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

கூலியை நேரே ஏலவிலை முடிவு செய்வதில்லை. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசி முடிவு செய்கின்றனர். எனினும் தோட்டத்தின் வருவாய் சுருங்கினால் அதன் நிழல் லயத்து வாசலில் விழாமற் போகாது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், மூணாறு வீதியில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தாமே போராடினர். போனஸ் கோரிக்கையில் வென்றனர். பின்னர் நாட்கூலியும் 301 ரூபாயாக உயர்ந்தது. அத்துயருக்கு யாரோ ஒரு கொள்முதல் தலைவரே காரணம் என்று கூறுவது பேதைமை. ஆயினும் அச்சங்கிலியின் ஒரு கண்ணி அவர் கையில் இருக்கிறது என்பதை மறுக்கவும் இயலாது.

அளவுக்கு மீறி விலையை நெருக்கினால் வாங்குபவருக்கே கேடு. வருவாய் குன்றிய தோட்டம் உரத்தைக் குறைக்கும், கவாத்தைத் தள்ளிப்போடும், இரண்டு இலையும் மொட்டும் எடுக்க வேண்டிய இடத்தில் முற்றிய இலையையும் சேர்த்து எடுக்கும். அடுத்த ஆண்டு ஏலத்துக்கு மட்டமான தூளே வரும். இன்று மிச்சம் பிடித்த ரூபாய் நாளை சுவையை விலையாகக் கேட்கும். கறவை மாட்டின் தீனியைக் குறைத்துவிட்டுப் பாலுக்குக் காத்திருப்பவனை அறிவாளி என்போமா?

ஆதலால் சிறந்த கொள்முதல் தலைவர் ஏலத்தில் ஒரு கண்ணும் மலைமீது ஒரு கண்ணுமாக இருப்பார். நல்ல தோட்டத்தோடு நீண்ட நாள் உறவு கொள்வார். தரத்துக்கு உரிய விலை தருவார். தந்த சொல்லைக் காப்பார். விற்பவரின் அன்பளிப்புக்குக் கை நீட்டமாட்டார்.

வணிகவியலும் பொறியியலும் பயிலும் தோழர்களே! நாளை உங்களில் ஒருவர் அந்நாற்காலியில் அமரலாம். விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன், பனியில் நனைந்த விரல்களால் கொழுந்து எடுக்கும் அந்தத் தாயை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை தேநீர்க் கோப்பையை எடுக்கும்போதே அந்நினைவைத் தொடங்கிவிடலாம்.