அயல் வீட்டு நாயின் குரைப்பு: காரணமும் பரிகாரமும்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் ஊரும் காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தேயிலைத் தோட்டங்களிலோ வீடுகள் பொதுச் சுவர்களுடன் வரிசையாக நிற்கின்றன. இத்தகைய இடத்தில் நாய்களுடன் ஒரு குடும்பம் புதிதாகக் குடியேறினால், அயலாரின் உறக்கம் கெடுவது இயல்பு. பூசல் முற்றி, நாய்க்கு நஞ்சு வைப்பதில் முடிவதும் உண்டு. இதனைத் தடுக்க, குரைப்பின் காரணத்தை அறிதல் வேண்டும்.

வளர்ந்த ஓநாய் அரிதாகவே குரைக்கும். வீட்டு நாயோ பெரிதும் குரைக்கும் பிராணியாகும். புதிய இடத்தில் அதற்கு ஒவ்வொரு காலடியோசையும் அன்னியமாகத் தோன்றுகிறது. வழிப்போக்கர் தம் வழியே அப்பால் செல்கிறார். தன் குரைப்பே அவரைத் துரத்தியதென நாய் கற்றுக்கொள்கிறது. இவ்வாறு பழக்கம் வலுப்படுகிறது. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டுண்டு, ஓடியாடாது தனித்திருக்கும் நாய் மேலும் குரைக்கும்.

ஒரு மீட்டர் தொலைவில் குரைப்பு 90 டெசிபெல் எனக் கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலியளவு சுமார் 6 டெசிபெல் குறையும். ஆகவே 32 மீட்டருக்கு அப்பாலும் அது ஏறக்குறைய 60 டெசிபெல்லாக இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சராசரி ஒலியளவு 45 டெசிபெல்லைத் தாண்டலாகாது. தெளிந்த இரவில் பள்ளத்தாக்கின் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேற்காற்று வெப்பமாயிருப்பதுண்டு. அப்போது ஒலி தரையை நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும்.

நஞ்சு வைத்தல் பரிகாரமாகாது. நாய்க்கு வைத்த இரை நாயோடு நிற்பதில்லை. பரம்பிக்குளம், சின்னாறு காடுகளில் வாழும் செந்நாய் உலக அளவில் அருகிவரும் இனமாகும். காட்டோரத்து நச்சிரை அதனையும் சிறுத்தையையும் கொல்லக்கூடும். மேலும், வளர்ப்புப் பிராணிக்கு நஞ்சிடுதல் 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படியும், 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படியும் குற்றமாகும். அதே 1960ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி அளிக்கத் தவறுதலையும் உரிமையாளர்மேல் குற்றமாக்குகிறது.

எனவே களப்பணியாளர் இரு தரப்பாருக்கும் கூறத்தக்கவை இவை. அயலார் ஒரு வாரம் குரைப்பின் நேரத்தையும் அதற்கு முன் நிகழ்ந்ததையும் குறித்து, உரிமையாளரிடம் அமைதியாகக் காட்டுதல் நன்று. உரிமையாளர் நாயைப் பாதை தெரியாத பக்கத்தில் வைத்து, நாள்தோறும் இருமுறை நடத்திச் செல்லுதல் வேண்டும். இரவில் அதனை வீட்டினுள் வைத்தால், குரைப்பு வெளியே குறைவாகக் கேட்கும். சிறுத்தைக்கு அது இரையாவதும் தவிரும். காட்டுயானையை நோக்கிக் குரைத்த நாய், துரத்தப்பட்டுத் தன் எசமானிடமே ஓடிவரும் ஆபத்தும் இதனால் குறையும். திடீரெனக் குரைப்பு மிகுந்தால் நோயோ வலியோ காரணமாகலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுக. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியையும் தவறாது போடுவிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் மேற்கூறிய நேரக் குறிப்பை மாணவர்க்கு ஒரு பயிற்சியாகவே அமைக்கலாம். காரணம் புலப்பட்ட இடத்தில் சினம் தணிவது எளிது.