பட்டாவில் ஏர், பேச்சில் சென்ட்

தமிழ்நாட்டில் மனை வாங்கப் போகிறவர் ஒரே நிலத்தை மூன்று அளவுகளில் சந்திக்கிறார். தரகர் சென்ட்டில் சொல்வார். விலை சதுர அடிக்குப் பேசப்படும். பட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். சென்னைப் பக்கம் என்றால் கிரவுண்ட் வேறு சேர்ந்துகொள்ளும். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பிலோ பிரிட்டிஷ் முறைக்கு ஒரு தொகை, மெட்ரிக் முறைக்கு ஒரு தொகை என்று இரண்டு கட்டங்கள். அடியா, மீட்டரா என்ற வழக்கு இங்கே இன்னும் முடியவில்லை.

கணக்கு இதுதான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஓர் ஏக்கர். கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். 100 ஏர் ஒரு ஹெக்டேர். பட்டாவில் 0-02.50 என்று அச்சாகியிருந்தால் அது இரண்டரை ஏர், 6.18 சென்ட், சுமார் 2,691 சதுர அடி. விவரம் தெரியாதவர் இதை இரண்டரை சென்ட் என்று படித்துவிட்டால் பாதிக்கு மேல் நிலம் அவர் கண்ணிலிருந்தே காணாமல் போகிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் இப்படி ஒருவர் தவறாகப் படிப்பது சின்ன விஷயமில்லை.

எண்ணைச் சரியாகப் படித்தவருக்கும் சிக்கல் வரலாம். தாய்ப்பத்திரத்தில் 6.25 சென்ட், பட்டாவில் இரண்டரை ஏர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முன்னது 2,722 சதுர அடி, பின்னது 2,691. இடையில் 31 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் போகிற இடத்தில் அது 93,000 ரூபாய். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஓர் அளவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி முழுமையாக்கும்போது விழுந்த துண்டு அது. அந்தத் துண்டு எவர் பக்கம் விழுந்தது என்பதில்தான் வழக்கு தொடங்கும்.

ஏக்கரும் சென்ட்டும் ஏதோ நம் பாட்டன் காலத்துச் சொத்து, மெட்ரிக்தான் வெளியிலிருந்து வந்தது என்று சிலர் வாதாடுவார்கள். அது சரியல்ல. தஞ்சைப் பக்கம் குழி, மா, வேலி என்று அளந்த மண் இது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அதன்மேல் வந்து விழுந்தது இங்கிலாந்தின் கன்டர் சங்கிலி: நீளம் 66 அடி, 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். ஆங்கிலேயரின் நில அளவையோடு வந்து குடியேறிய அளவுகள் இவை.

1956இல் எடை, அளவைத் தரப்படுத்தும் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வீசையும் பலமும் சேரும் சந்தையை விட்டுப் போயின. அடியும் அங்குலமும் மட்டும் ஏன் போகவில்லை? கடைக்காரரின் எடைக்கல்லுக்கு முத்திரை வேண்டும். பழைய கல்லை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. மேஸ்திரியின் டேப்பிலோ ஒரு விளிம்பில் சென்டிமீட்டர், மறு விளிம்பில் இன்ச். எது பழக்கமோ அந்தப் பக்கம் கண் போகும். இதைவிட வலுவான காரணம் விலை. சதுர அடி எவ்வளவு என்று தெரிந்தவருக்குச் சதுர மீட்டரில் விலை சொன்னால் மலிவா அதிகமா என்று பிடிபடாது.

கட்டுகிற வீட்டுக்குள்ளும் இரண்டும் கலந்தே நிற்கின்றன. சுவர் ஒன்பது இன்ச், கம்பி 12 எம்.எம்., சிமென்ட் 50 கிலோ மூட்டை, ஜல்லி யூனிட் கணக்கில் 100 கன அடி. பிளைவுட் பலகை எட்டுக்கு நாலு அடி, அதன் கனம் 18 எம்.எம். இதில் எனக்குக் குறையே இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு நிலைத்துவிட்டது. விற்பவரும் வாங்குபவரும் அதையேதான் சொல்கிறார்கள்.

அளவு கைமாறும் இடம்தான் ஆபத்து. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கனடா மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். அந்தப் புது விமானத்துக்கு எரிபொருளைக் கிலோவில் கணக்கிட வேண்டும். லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்குவதற்குப் பதில், பவுண்டுக்குரிய 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய விமானத்தை, கேப்டன் பாப் பியர்சன் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் மிதக்கவிட்டே இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

நம் வீட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. வெயிலைச் செல்சியஸில் சொல்கிறோம், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் அளவை மாற்றும் வசதி இருந்து, அது தெரியாமல் மாறிப்போனால் திரையில் 38.5 என்று வரும். நூறைத் தாண்டினால்தான் காய்ச்சல் என்று பழகிய பாட்டிக்கு அந்த எண் எதையும் சொல்லாது. குழந்தைக்கு அடிப்பதோ 101.3 டிகிரி.

சண்டையில்லாமல் இரண்டு முறைகளும் சேர்ந்த இடம் நகைக்கடை. பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம். நாம் பவுன் என்றால் சரியாக 8 கிராம் என்று வைத்துக்கொண்டோம். பேச்சில் பவுன் இருக்கிறது, பில்லில் கிராம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே தசமப் புள்ளி இல்லை. நிலத்தில் இப்படிச் செய்ய முடியாது. சென்ட்டை 40 சதுர மீட்டர் என்று இன்று முழுமையாக்கினால் பழைய பத்திரங்கள் அத்தனையும் தகராறாகும்.

ஆகவே சென்ட்டை ஒழிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அரசு செய்ய வேண்டியது சிறிய வேலை: பட்டாவில் ஹெக்டேர், ஏர் கட்டத்துக்கு அருகிலேயே சென்ட்டையும் சதுர அடியையும் அச்சிட வேண்டும். கணினியில் எடுத்துத் தரும் ஆவணத்துக்கு இது பெரிய பாரமல்ல. மக்கள் பேசும் அளவில் அவர்கள் சொத்து எழுதப்படாமல் இருப்பது அநியாயம். அதுவரை, முன்பணம் கொடுக்கும் முன்பே புலப்படத்தை வாங்குங்கள். அதில் எல்லைகளின் நீளம் மீட்டரில் இருக்கும். ஒவ்வொன்றையும் 3.28ஆல் பெருக்கி அடியாக்கிக்கொண்டு, விற்பவரையும் உடன் வைத்துக்கொண்டு, நிலத்தில் டேப் போட்டுப் பாருங்கள்.